கிராஷ் எண் சொல்வதும் சொல்லாததும்

கேள்வி: அண்ணாச்சி, அப்பளக் கம்பெனி ஒன்றுக்கு பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பில் போடும்போது பொசுக்கென்று மூடிக்கொள்கிறது. ஓரிடத்தில் -1073741819 என்கிறது; விண்டோஸின் பிழைக் குறிப்பேடான ஈவென்ட் வியூவரில் சி0000005. எதை நம்ப?
– கல்லிடைக்குறிச்சி வாசகர்

இரண்டும் ஒன்றுதான். சில கருவிகள் அதையே 3221225477 என்றும் காட்டும். கால்குலேட்டரை புரோகிராமர் மோடில் வைத்து ஹெக்ஸுக்கு (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறைக்கு) மாற்றிப் பாருங்கள். தனக்கு உரிமையில்லாத மெமரியை புரோகிராம் தொட்டிருக்கிறது. பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். துப்பு இருப்பதோ டீபக்கர் (பிழை தேடும் கருவி) கூடவே காட்டும் இரண்டு எண்களில். முதலாவது 0 என்றால் வாசிக்கப் போய் விழுந்தது, 1 என்றால் எழுதப் போய், 8 என்றால் அந்த இடத்தையே கோடாக ஓட்டப் போய். இரண்டாவது, தொட்ட முகவரி. 0, 18 என்று சின்னதாக இருந்தால் அநேகமாக 'நல்' பாயின்டர், அதாவது எதையும் சுட்டாத வெற்று முகவரி. அந்த 18, ஸ்ட்ரக்சருக்குள் (பல தகவல்களைச் சேர்த்து வைத்த தொகுப்புக்குள்) எந்த ஃபீல்டு என்பதையும் காட்டிக்கொடுக்கும். 32 பிட் டீபக் பில்டில் (பிழை தேடுவதற்கென்று தயாரித்த பதிப்பில்) டிடிடிடிடிடிடிடி என்று வந்தால் ஃப்ரீ செய்த மெமரியை மறுபடி தொட்டிருக்கிறீர்கள். வாடிக்கையாளர் பெயர் காலியாக உள்ள பில்லில் மட்டும் விழுகிறதா? என் சந்தேகம் அங்கேதான்.

கேள்வி: சி0000374 வருகிறது. விழுந்த இடம் விண்டோஸின் சொந்த ஃபைலான என்டிடிஎல்எல். விண்டோஸையே மறுபடி போடச் சொல்கிறான் ரூம்மேட்.
– பாளையங்கோட்டை மாணவர்

வேண்டாம் தம்பி. ஹீப், அதாவது புரோகிராம் ஓடும்போது கேட்டு வாங்கும் மெமரி, கெட்டிருக்கிறது. என்டிடிஎல்எல் அதைக் கண்டுபிடித்து நிறுத்தியது, அவ்வளவே. கெடுத்த வரி எப்போதோ ஓடி முடிந்திருக்கும். மடை மேலே எங்கோ உடைந்திருக்க, கடைசி வயல்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். மைக்ரோசாஃப்டின் ஜிஃப்ளாக்ஸ் கருவியில் முழு பேஜ் ஹீப் என்ற கண்காணிப்பை ஆன் செய்து ஓட்டினால், எல்லை தாண்டி எழுதும் வரியிலேயே பெரும்பாலும் விழும். ரேமை அள்ளித் தின்னும். வேலை முடிந்ததும் ஆஃப் செய்ய மறக்காதீர்கள்.

கேள்வி: டாக்கர் கன்டெய்னர் (புரோகிராமைத் தனிப் பெட்டிபோல் அடைத்து ஓட்டுவது) 137 என்று சாகிறது. லாக்கில் ஒரு வரிகூட இல்லை.
– வள்ளியூர் வாசகி

சிக்னலால் செத்த புரோகிராமுக்கு 128-ஓடு சிக்னல் எண்ணைக் கூட்டிக் காட்டுவது வழக்கம். 128-ஐக் கழித்தால் 9, அதாவது 'சிக்கில்' என்ற உடனே கொல்லும் சிக்னல். லாக் எழுத அவகாசமே தராத சிக்னல் அது. டாக்கர் இன்ஸ்பெக்ட் கட்டளை காட்டும் விவரத்தில் ஓஓஎம்கில்டு 'ட்ரூ' என்றிருந்தால் மெமரி போதவில்லை. இல்லையென்றால் டாக்கர் ஸ்டாப் கொடுத்தது யாரென்று விசாரியுங்கள் அம்மா: வழக்கமான 10 நொடிக்குள் அடங்காத புரோகிராமுக்கும் இதே 137தான். 139 வந்தால் சிக்னல் 11. கல்லிடைக்குறிச்சிக்காரரின் அதே வியாதி.

கேள்வி: என் மெஷினில் ஓடுவது அம்பாசமுத்திரம் கஸ்டமரிடம் -1073741515 என்று நிற்கிறது.
– தென்காசி வாசகர்

ஏதோ டிஎல்எல் (புரோகிராம் துணைக்கு அழைக்கும் ஃபைல்) அங்கே இல்லை. முதலில் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை (அத்தகைய ஃபைல்களைத் தரும் மைக்ரோசாஃப்ட் பேக்கேஜை) போடுங்கள். டீபக் பில்டைக் கொடுத்திருந்தால் ரிலீஸ் பில்டு அனுப்புங்கள். அதன்பின் -1073741701 வந்தால், பெரும்பாலும் 32 பிட்டும் 64 பிட்டும் கலந்துவிட்டது.