வீட்டறையில் காளான் வளர்க்கும்போது காற்றோட்டத்தையும் நாற்றத்தையும் எப்படிச் சமாளிப்பது?

10 அடி நீளமும் 8 அடி அகலமும் கொண்ட பின்னறையில் சிப்பிக் காளான் பைகளைத் தொங்கவிட்டிருப்பதாகவும், தண்டு நீண்டு குடை சிறுத்து வருவதாகவும், நாற்றம் குசினி வரை எட்டுவதால் கரி வடிகட்டி வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்து நீர்வேலியில் வீட்டோடு ஒட்டிய பத்தியொன்றில் இதே காளானை வளர்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்போதைக்கு வடிகட்டி வேண்டாம். முதலில் காற்றை ஓடவிடுங்கள்.

காளான் ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை வெளிவிடும் உயிர். வெளிக்காற்றில் அந்த வாயு மில்லியனில் ஏறத்தாழ 420 பங்கு இருக்கும். பையினுள் வெண்ணிறப் பூசணவலை பரவும் காலத்தில் அது பன்மடங்கு கூடினாலும் பாதிப்பில்லை. ஆனால் மொட்டு விட்ட பின்னர் ஏறத்தாழ 1000 பங்கைத் தாண்டினால் தண்டு நீளும், குடை விரியாது. உங்கள் அறையில் நடப்பது இதுதான்.

அறை 8 அடி உயரம் என்று கொண்டால் அதன் கொள்ளளவு 640 கன அடி. மணிக்கு 5 தடவை காற்று முழுதாக மாற வேண்டுமானால் நிமிடத்துக்கு 53 கன அடி அளவில் இழுக்க வேண்டும். குளியலறைக்குப் பூட்டும் 6 அங்குல வெளியேற்று விசிறி இதற்குப் போதும். அதைக் கூரையை அண்டிய உயரத்தில் பூட்டி, எதிர்ச்சுவரில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், விசிறியின் வாயைவிடப் பெரிதாக ஒரு துவாரம் வையுங்கள். விசிறி காற்றை வெளியே இழுக்க வேண்டுமே தவிர உள்ளே தள்ளக் கூடாது. இழுத்தால்தான் அறையின் அமுக்கம் வீட்டைவிடச் சற்றுக் குறைந்து, கதவிடுக்கு வழியே காற்று அறைக்குள் போகும், நாற்றம் வீட்டுக்குள் வராது. மூடிய கதவின் கீழிடுக்கில் கொளுத்திய ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை உள்நோக்கி வளைந்தால் அமைப்புச் சரி. உங்கள் முகத்துக்கு வந்தால் விசிறி போதியளவு இழுக்கவில்லை, அல்லது அதன் வாய் அடைபட்டுவிட்டது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை நினைத்தால், விசிறி நின்றாலும் காற்று ஓரளவு ஏறி இறங்கும்படி இந்த உயர வேறுபாட்டை விட்டுக்கொடுக்காமல் இருப்பது நல்லது.

யாழ்ப்பாணத்தில் உண்மையான சிக்கல், காற்றை மாற்றும்போது ஈரம் போய்விடுவதுதான். காளானுக்குச் சாரீரப்பதன், அதாவது காற்றின் ஈரப்பத அளவு, 85 முதல் 95 சதவீதம் வரை தேவை. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வரும் வறண்ட காற்று சில மணிநேரத்திலேயே மொட்டுகளைக் காய வைத்துவிடும். ஆகவே உள்வரும் துவாரத்தின் முன் நனைந்த சாக்கைத் தொங்கவிட்டு, அதனூடாகவே காற்று நுழையச் செய்யுங்கள். ஈரமும் கிடைக்கும், வெக்கையும் தணியும். எங்கள் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகமாதலால் சாக்கு விறைத்துப்போகும், தெளிப்பானின் துவாரங்களும் அடைபடும். சாக்கை அடிக்கடி அலசுங்கள், தெளிப்பதற்கு முடிந்தால் மழைநீரைச் சேமித்து வையுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் சாக்குத் தேவையில்லை. துவாரத்துக்குச் சாதாரண நுளம்பு வலை போதாது, காளான் ஈக்கள் அதற்குள்ளால் நுழைந்துவிடும். அதைவிடக் கண் நுண்ணிய வலை வேண்டும்.

இனி நாற்றம். நலமான பையில் மென்மையான காளான் மணம் மட்டுமே இருக்கும். புளித்த மணம் வந்தால் பைக்குள் பக்ரீரியா பெருகியிருக்கிறது. அவித்தது போதாமலோ மரத்தூளில் நீர் கூடியதாலோ அது வரும். கலவையை ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உள்ளங்கை நனைய வேண்டும், நீர் சொட்டக் கூடாது. பச்சைப் படையைத் தோற்றுவிக்கும் ட்ரைக்கோடேர்மா என்ற பூசணத்தின் சில இனங்களுக்குத் தேங்காய் மணம் உண்டு. அது தெரிந்தால் பையைத் திறக்காமலே அகற்றிவிடுங்கள். வெடுக்கு மணம் என்றால் பறித்த பின் பைவாயில் விட்ட அடிக்கட்டைகள் அழுகுகின்றன. மூலம் இருக்க மணத்தை மட்டும் மறைத்தால் நோய் மற்றப் பைகளுக்குப் பரவும் வரை உங்களுக்குத் தெரியாது.

கரி வடிகட்டியைத் தவிர்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உயிர்ப்பூட்டிய கரி அதன் நுண்துளைகளில் மண மூலக்கூறுகளைப் பிடித்துவைக்கிறது. ஆனால் இவ்வளவு ஈரமான காற்றில் அந்தத் துளைகளை நீராவி பிடித்துக்கொள்வதால் அதன் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். சாதாரண சிரட்டைக் கரியில் அத்தகைய துளைகள் மிகக் குறைவு.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். சிப்பிக் காளான் மிக அதிகமாக வித்திகளைச் சொரியும். அவற்றைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் ஒவ்வாமை அழற்சி வருவது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டது. குடையின் ஓரம் மேல்நோக்கி மடிய முன்னரே பறியுங்கள், முகக்கவசம் அணிந்தே உள்ளே போங்கள், விசிறியின் வாயை அயலவரின் யன்னலை நோக்கி வைக்காதீர்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவரோ சிறு குழந்தையோ இருந்தால் அறையைத் திருத்துவதில் பணத்தைப் போடாமல், வளவின் மூலையில் கிடுகு வேய்ந்த கொட்டில் ஒன்றுக்குப் பைகளை மாற்றிவிடுங்கள்.