கால்நடை மருத்துவம் படித்தவர் டாக்ஸிகாலஜி பேத்தாலஜிக்குப் போகலாமா?

பி.வி.எஸ்சி. கடைசி வருடத்தில் இருக்கிறீர்கள், நோயால் திசுக்களில் வரும் மாற்றங்களைப் படிக்கும் பேத்தாலஜி பிடிக்கிறது, மருந்தும் ரசாயனமும் உடலுக்குச் செய்யும் கெடுதலைப் பார்க்கும் டாக்ஸிகாலஜி பக்கம் போக யோசிக்கிறீர்கள், ஆனால் நாள் முழுக்க மைக்ராஸ்கோப் முன்னால் உட்காருவது மருத்துவர் செய்கிற வேலைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவர் செய்கிற வேலைதான். எம்.வி.எஸ்சி. பேத்தாலஜி முடித்து, புது மருந்துகளையும் பூச்சிக்கொல்லிகளையும் சந்தைக்கு வருமுன் எலிகளில் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் இருக்கிறேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒரு 90 நாள் ஆய்வு என்றால் மருந்து கொடுக்காத ஒரு குழு, மூன்று அளவுகளில் மருந்து கொடுத்த மூன்று குழுக்கள், ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 ஆண், 10 பெண் எலிகள். ஒவ்வொரு எலியிலும் ஏறக்குறைய 40 திசுக்கள். ஸ்லைடு எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம், கஷ்டம் அதில் இல்லை. கண்ணில் பட்ட மாற்றம் மருந்தால் வந்ததா, அந்த எலிக்கு வயதாவதால் தானாக வந்ததா, மருந்தால்தான் என்றால் மனிதனுக்கும் அது வருமா என்று சொல்வதுதான் கஷ்டம். ஆண் எலியின் சிறுநீரகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கல்லீரல் சுரக்கும் ஒரு புரதத்தோடு சில ரசாயனங்கள் ஒட்டிக்கொண்டு, சிறுநீரகக் குழாய்ச் செல்களில் துளித்துளியாகச் சேரும், ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனீன் அப்படி ஒன்று. பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் அந்தப் புரதம் மனிதனுக்குக் கிடையாது. இது தெரியாமல் அறிக்கை எழுதினால் நல்ல மருந்து ஒன்று வீணாகப் போகும், எதிர்ப்பக்கம் தவறினால் ஆளுக்கே ஆபத்து.

இந்தத் துறை மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது பாறு கழுகுகளால். கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தபோது தொற்றுநோய் என்றுதான் பலர் நினைத்தார்கள். பாகிஸ்தானில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் லிண்ட்சே ஓக்ஸின் குழு செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தால் உள்ளுறுப்புகள் மேல் வெள்ளையாக யூரிக் அமிலம் படிந்திருக்கிறது, அதாவது சிறுநீரகம் போய்விட்டது. சரி, சிறுநீரகத்தைக் கெடுக்கும் எதை இவை தின்றிருக்கும்? பாறுகள் தின்பது செத்த மாடுகளை, அந்த மாடுகளுக்கு என்னென்ன மருந்து கொடுக்கிறார்கள் என்று விசாரித்துத்தான் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்துக்கு வந்து சேர்ந்தார்கள். 2004-இல் முடிவு வெளியானது, 2006-இல் இந்தியா கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. நம் மாயாறு பள்ளத்தாக்கில் பாறுகள் இன்னும் பறப்பதில் அந்தப் பிரேதப் பரிசோதனைக்கும் பங்கு உண்டு என்றே நம்புகிறேன்.

களத்தில் நோய் கண்டறியும் பக்கம் போனால் ஒன்றை மறக்காதீர்கள். இளஞ்சோளம் மேய்ந்து அதிலிருக்கும் சயனைடால் செத்த மாடோ, விஷம் வைத்த நாயோ, ஈரல், சிறுநீரகம், இரைப்பையில் இருந்ததில் ஒரு பங்கை, திசு கெடாமல் வைக்கும் திரவமான ஃபார்மலினில் போடாமல் உறைய வையுங்கள். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் ஸ்லைடு பார்க்கலாமே தவிர, விஷத்தைத் தேடுவது பெரும்பாலும் முடியாமல் போகும்.

அப்புறம், வேலையில் சேர்ந்ததும் முதல் சில மாதங்கள் மருந்து கொடுக்காத எலிகளின் ஸ்லைடுகளையே கேட்டு வாங்கிப் பாருங்கள், அலுத்தாலும் பரவாயில்லை.