நாலு பேர் திரும்பிப் பார்க்கிற காரை வாங்கலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே கான்டெஸா கார் மேல் ஆசை. ஈரோட்டில் ஒருவர் 1991 மாடல் வண்டியை விற்கிறார். இறக்கிய சஸ்பென்ஷன், அகல டயர், பளபளப்பில்லாத கருப்பு பெயின்ட், பெரிய சைலன்சர், கண்ணாடியில் கருப்பு ஃபிலிம். பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு வேறொரு ஜப்பான் டீசல் எஞ்சினைப் பொருத்தியிருக்கிறார். "ரோட்டில் போனால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பாங்க" என்கிறார். வாங்கலாமா?

பதில்: திரும்பிப் பார்ப்பார்கள், அதில் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த நாலு பேரில் ஒருவர் பிரேக் இன்ஸ்பெக்டராகவும் இருப்பார். வெள்ளை ஸ்விஃப்டில் எதை மாற்றியிருந்தாலும் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடலாம். கருப்பு கான்டெஸாவில் அது நடக்காது. எனவே இந்த வண்டியைப் பொறுத்தவரை பேப்பர் சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

நீங்கள் சொன்ன வண்டியின் பேப்பர் சுத்தமாக இருக்க வழியில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை ஆல்டர் செய்யக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்துவிட்டார்கள். கண்ணாடியில் கருப்பு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012-லேயே தடை செய்தாயிற்று.

எஞ்சினை ஏன் மாற்றினார்கள் என்பது புரிகிறது. 1984-ல் கான்டெஸா வந்தபோது அதற்குக் கிடைத்தது அம்பாசடர் வழி வந்த 1.5 லிட்டர் எஞ்சின். உடம்பு பயில்வான் மாதிரி, இழுவை அப்படியில்லை. பிறகு வந்த ஜப்பானின் இசுசூ 1.8 பெட்ரோல் எஞ்சின்தான் அதற்குப் பொருந்தியது. 2002-ல் உற்பத்தியே நின்றுபோனதால் நல்ல இசுசூ எஞ்சின் தேடுவது பெரும்பாடு, கையில் கிடைத்ததை வைத்துவிடுகிறார்கள். காரணம் நியாயமாக இருக்கலாம். ஆனால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி அது ஆர்.சி.யில் ஏறாத வரை, எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்க வண்டியைக் காட்டப் போகிற அன்றைக்கு அந்தக் காரணம் உதவாது.

நேரில் போகும்போது ஒரு டார்ச்சும் பழைய துணியும் எடுத்துக்கொள்ளுங்கள். பானட்டைத் திறந்து, எஞ்சின் பிளாக்கில் கிரீஸ் அப்பியிருக்கும் இடத்தைத் துடைத்து, நம்பரை ஒவ்வோர் எழுத்தாக ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். சுற்றியுள்ள இரும்பு சொரசொரப்பாக இருந்து, நம்பர் உள்ள இடம் மட்டும் அரம் போட்டதுபோல் வழவழப்பாக இருந்தால் அப்படியே கிளம்பி வந்துவிடுங்கள். சேஸிஸ் நம்பரையும் இதேபோல் பாருங்கள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் எரிபொருள், நிறம், கடன், நிலுவை அபராதம் எல்லாம் தெரியும். முதல் 15 ஆண்டுக்குப் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதால், இந்த வண்டிக்கு 2006, 2011, 2016, 2021 என்று வரிசையாகப் புதுப்பித்திருக்க வேண்டும். 20 ஆண்டு கடந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி.

"விண்டேஜ் வண்டி சார், யாரும் கேக்க மாட்டாங்க" என்று சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பதிவுக்கு 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும், பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும். தினமும் வேலைக்கு ஓட்டிப் போகவும் அதில் அனுமதி கிடையாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வண்டியை விட்டுவிட்டு, எஞ்சின் நம்பர் ஒத்துப்போகிற, ஆல்டர் செய்யாத கான்டெஸாவைத் தேடுவேன். பார்வையெல்லாம் அந்த நீளப் பானட்டுக்குத்தான். சைலன்சர் சத்தத்துக்குத் திரும்புகிறவர்கள் திட்டிக்கொண்டுதான் திரும்புகிறார்கள். நிறம் மட்டும் உங்கள் ரசனைப்படி மாற்றி, அதை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: அப்படி ஒரு வண்டி கிடைத்தால், தினமும் ஓட்டுவதில் வேறு தொல்லை உண்டா? என் மனைவி "எல்லாரும் உள்ளே எட்டிப் பார்ப்பாங்க" என்று இப்போதே தயங்குகிறாள்.

பதில்: அவர் சொல்வது சரி, எட்டிப் பார்ப்பார்கள். பெட்ரோல் பங்க்கில் ஐந்து நிமிட வேலைக்கு இருபது நிமிடம் ஆகும். "என்ன மாடல்ணா?", "எவ்வளவு குடுக்கும்?", "விலைக்கு வருமா?" ஆகிய மூன்று கேள்விக்கும் தினமும் பதில் சொல்ல வேண்டும். வயதானவர் யாராவது வந்தால் அவருடைய முதலாளியின் வண்டிக் கதையையும் கேட்க வேண்டியிருக்கும். எனக்கு அது பிடிக்கும். எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்று சட்டமில்லை.

உண்மையான தொல்லை ரோட்டில் ஓடும்போதுதான். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருப்பவன் செல்போனில் வீடியோ எடுப்பான், ஓட்டுகிறவன் உங்கள் கதவை ஒட்டி வருவான். முறுக்கிப் போட்டி போடாமல், வேகத்தைக் குறைத்து அவர்களை முன்னால் விட்டுவிடுங்கள். நிறுத்திவிட்டுப் போனால் பானட்டில் சாய்ந்து போட்டோ எடுப்பார்கள். பேன்ட் பட்டனும் பெல்ட் பக்கிளும் பெயின்ட்டில் கீறுவது சாயங்கால வெயிலில்தான் தெரியும். வாட்ச்மேன் கண்ணில் படுகிற இடத்தில் நிறுத்துங்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தில், 5 ஆண்டு தாண்டிய வண்டியின் மதிப்பைக் கம்பெனியும் நீங்களும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். இவ்வளவு பழைய வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டோடு நிறுத்திக்கொள்ளத்தான் பலரும் சொல்வார்கள். முழுக் காப்பீடு வேண்டுமென்றால் புதிய போட்டோ, பட்டறை பில்களோடு கேட்டுப் பாருங்கள். செய்த மாற்றம் எதையும் மறைக்க வேண்டாம், கிளெய்ம் வரும்போது அதையே காட்டி மறுப்பார்கள்.

கேள்வி (சேலம் வாசகர்): அப்பாவின் பழைய பிரீமியர் பத்மினி காரை அழகாக ரெடி பண்ணி வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சும்மா ஓட்டிப் போங்கள், தப்பில்லை. காசு வாங்கி ஆளை ஏற்றினால் அது வாடகை வண்டி. வெள்ளை நம்பர் போர்டு உள்ள சொந்த வண்டிக்கு அந்த அனுமதி இல்லை, வழியில் ஏதாவது ஆனால் உங்கள் பாலிசியும் கைவிடும். மண்டப வாசலில் நிறுத்திவைத்துப் போட்டோ எடுக்க மட்டும் என்றால் பேசலாம். சாவி உங்களிடமே இருக்கட்டும். நேரம், தொகை, கீறல் விழுந்தால் யார் பொறுப்பு என்பதை ஒரு தாளில் எழுதி, முன்பணம் வாங்கிய பிறகு வண்டியை எடுங்கள்.