பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற ஏன் மூன்றரை ஆண்டு பிடித்தது?

கேள்வி: 2016-இலேயே மக்கள் ‘வெளியேறு’ என்று ஓட்டுப் போட்டுவிட்டார்கள். அப்புறம் பிரிட்டன் எம்.பி.க்கள் 2020 ஜனவரி வரை எதற்காக மாறி மாறி ஓட்டெடுத்துக்கொண்டிருந்தார்கள்? வேண்டுமென்றே இழுத்தடித்தார்களா?

அந்த வருடங்கள் முழுக்க நான் கிழக்கு லண்டனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இழுத்தடித்தவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் சிக்கலின் வேர் அந்த ஓட்டுச்சீட்டிலேயே இருந்தது என்பது என் கருத்து. அந்தச் சீட்டை நானே கையில் வாங்கியவன் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவனுக்கு அங்கே எப்படி ஓட்டு என்று கேட்பீர்கள். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவோடு பிரிட்டனில் வசித்தால் அந்தப் பொதுவாக்கெடுப்பில் ஓட்டுப் போடலாம். நான் போய் இரண்டு வருடம்கூட ஆகவில்லை, எனக்கு ஓட்டு இருந்தது. என்னோடு அதே வீட்டில் வாடகைக்கு இருந்த இத்தாலிய நர்ஸ் அக்கா பதினோரு வருடமாக லண்டன் மருத்துவமனைகளில் இரவுப்பணி பார்த்தவர். அவருக்கு இல்லை. ஒன்றிய நாட்டவர்களில் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ்காரர்களுக்கு மட்டுமே இருந்தது. யாருடைய வாழ்க்கை மாறப்போகிறதோ அவர் வீட்டில் இருக்க, நான் குடை பிடித்துக்கொண்டு கிளம்பியது இன்றும் மனதை உறுத்துகிறது.

2016 ஜூன் 23. லண்டனில் அன்று பேய்மழை. தேவாலயத்தை ஒட்டிய ஒரு கூடம், நூலில் கட்டிய பென்சில், சீட்டில் இரண்டே இரண்டு கட்டங்கள். ஒன்றியத்தில் உறுப்பினராகத் தொடர வேண்டும், அல்லது ஒன்றியத்தைவிட்டு வெளியேற வேண்டும். அவ்வளவுதான். நான் ‘தொடர’ பக்கம் பெருக்கல் குறி போட்டேன். மறுநாள் முடிவு: வெளியேற 51.9 சதவீதம், தொடர 48.1.

தொடர்வது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும், நேற்று இருந்தது போலவே இருப்பது. வெளியேறுவது என்றால்? நார்வே மாதிரி ஒன்றியத்துக்கு வெளியே நின்று, ஒரே விதிகளின்படி வணிகம் நடக்கும் ஒற்றைச் சந்தையில் மட்டும் இருப்பதும் வெளியேறுவதுதான். துருக்கி மாதிரி சுங்க ஒன்றியத்தில், அதாவது சுங்க வரி விஷயத்தில் மட்டும் சேர்ந்திருப்பதும் வெளியேறுவதுதான். எந்த ஒப்பந்தமும் இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போவதும் அதுதான். ஓட்டுப் போட்ட 1 கோடியே 74 லட்சம் பேரில் யார் எதை நினைத்துப் போட்டார்கள் என்று சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. வாக்கெடுப்பு நடத்திய பிரதமர் டேவிட் கேமரூன் மறுநாள் காலையே பதவி விலகலை அறிவித்துவிட்டார். அர்த்தம் கண்டுபிடிக்கும் வேலை அடுத்த பிரதமர் தெரேசா மேயின் தலையில் விழுந்தது.

மே அவசரப்பட்டார் என்றுதான் சொல்வேன். எப்படி வெளியேறுவது என்று நாடாளுமன்றத்தில் ஒத்த கருத்து வருமுன்பே 2017 மார்ச் 29 அன்று ஒன்றிய உடன்படிக்கையின் 50-ஆம் பிரிவின்படி வெளியேறும் கடிதம் கொடுத்தார். கொடுத்த நாளிலிருந்து இரண்டே வருடம்தான் கெடு. பெரும்பான்மையைக் கூட்டிக்கொள்ள அந்த ஜூனில் தேர்தல் வைத்து, இருந்த பெரும்பான்மையையும் இழந்தார். அதன்பின், வட அயர்லாந்து பிரிட்டனோடுதான் இருக்க வேண்டும் என்னும் டியூபி கட்சியின் பத்து எம்.பி.க்களை நம்பித்தான் ஆட்சி. எல்லாப் பிரச்சினையும் வந்து முட்டி நின்ற இடமும் அதே வட அயர்லாந்துதான்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது புரிந்தால் மீதி தானாகப் புரியும். 2018-இல் பெல்ஃபாஸ்டிலிருந்து டப்ளினுக்குப் பேருந்தில் போனேன். பிரிட்டனின் பகுதியிலிருந்து அயர்லாந்துக் குடியரசுக்கு, அதாவது ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு. அயர்லாந்து விசா ஒட்டிய கடவுச்சீட்டைக் கையில் தயாராக வைத்திருந்தேன். நியூரி ஊரைத் தாண்டியதும் எல்லை வரும் என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேகப் பலகை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறியிருந்தது. சாலையோரக் கோடு மஞ்சளாகியிருந்தது. கைபேசியில் புது நெட்வொர்க்கின் குறுஞ்செய்தி வந்து விழுந்தது. எல்லை என்று நான் பார்த்தது அவ்வளவுதான். பேருந்து வேகம்கூடக் குறையவில்லை.

பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் என் கையில் இருந்த கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு, இதே பாதையில் ஒரு காலத்தில் ராணுவச் சோதனைச்சாவடியில் காத்துக் கிடந்ததைச் சொன்னார். குன்றுகளின் மேல் இருந்த கண்காணிப்புக் கோபுரங்கள் எங்கே என்று விரலால் காட்டினார். பிரிட்டனோடு இருக்க நினைத்தவர்களுக்கும் அயர்லாந்தோடு சேர நினைத்தவர்களுக்கும் நடந்த முப்பது வருட மோதலில் 3,500 பேருக்கு மேல் செத்த மண் அது. 1998-இன் ‘புனித வெள்ளி’ அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் அந்தக் கோபுரங்கள் இறங்கின. இரண்டு நாடுகளும் ஒரே ஒன்றியத்தில் இருந்ததால் சுங்கச்சாவடிக்கும் தேவையில்லாமல் இருந்தது.

பிரிட்டன் ஒற்றைச் சந்தையையும் சுங்க ஒன்றியத்தையும் விட்டுப் போனால் சரக்கை எங்காவது சோதித்தாக வேண்டும். நிலத்தில் வைத்தால் பழைய சாவடி திரும்ப வரும், அதை யாரும் விரும்பவில்லை. பிரிட்டன் தீவுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவே கடலில் வைத்தால் வட அயர்லாந்தைச் சொந்த நாட்டிலிருந்தே பிரிப்பது போலாகும், டியூபி ஒருக்காலும் விடாது. எந்தப் பிரிட்டிஷ் பிரதமரும் அதற்கு ஒத்துக்கொள்ள முடியாது என்று மேயே சொன்னார். ஆகவே வேறு வழி கிடைக்கும்வரை நாடு முழுவதும் ஒன்றியத்தோடு ஒரே சுங்கப் பகுதியாக இருக்கட்டும் என்று ஒரு ஏற்பாட்டை, ஒன்றியத்தோடு பேசி முடித்த வெளியேறும் ஒப்பந்தத்தில் சேர்த்தார். அந்த ஏற்பாட்டின் பெயரான ‘பேக்ஸ்டாப்’ என்ற சொல் அப்போது தினமும் செய்தியில் அடிபட்டது இதனால்தான்.

அவருடைய கன்சர்வேடிவ் கட்சியின் தீவிரப் பிரிவு, இதிலிருந்து நாம் தனியாக வெளியே வரவே முடியாது, இது பொறி என்றது. எதிர்க்கட்சியான தொழிற்கட்சி, நிரந்தரச் சுங்க ஒன்றியம் வேண்டும் என்றது. இன்னொரு வாக்கெடுப்பு கேட்டவர்கள் இந்த ஒப்பந்தம் விழுந்தால்தான் தங்களுக்கு வழி என்று காத்திருந்தார்கள். 2019 ஜனவரி 15 அன்று ஒப்பந்தத்துக்கு ஆதரவு 202, எதிர்ப்பு 432. சொந்தக் கட்சியிலேயே 118 பேர் எதிர்த்தார்கள். மார்ச்சில் இன்னும் இரண்டு முறை கொண்டுவந்து இரண்டு முறையும் தோற்றார். நடுவே சபாநாயகர் ஜான் பெர்கோ, தள்ளுபடியான தீர்மானத்தை மாற்றமில்லாமல் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்று 1604-ஆம் வருடத்து மரபைச் சுட்டிக்காட்டினார்.

மார்ச் 27 இரவு எங்கள் சமையலறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அரசாங்கத்தின் வழி வேண்டாமென்றால் எதுதான் வேண்டும் என்று எம்.பி.க்களே எட்டு வழிகளை வைத்து ஓட்டெடுத்த நாள். அக்கா இரவுப்பணிக்குச் சீருடை மாட்டிக்கொண்டு நின்றபடி பார்த்தார். எட்டும் தோற்றன. ஒப்பந்தமில்லாமல் போவதற்கு 400 பேர் எதிர்ப்பு. போகவே வேண்டாம் என்பதற்கும் பெரும்பான்மை இல்லை. “அப்படியென்றால் நாங்கள் என்ன செய்வது?” என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார். என்னிடம் பதில் இல்லை. ஏப்ரல் 1 அன்று மறுபடி ஓட்டெடுத்தபோது சுங்க ஒன்றிய யோசனை 273-க்கு 276 என்று வெறும் மூன்று ஓட்டில் விழுந்தது.

அந்த மூன்று ஓட்டை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. ஒன்றியத்தில் தொடர விரும்பிய பலரே அதற்குக் கைகொடுக்கவில்லை, முழு வெற்றிதான் வேண்டும் என்று இருந்துவிட்டார்கள். மேயும் 2017-இலேயே எதிர்க்கட்சியை அழைத்துப் பேசியிருக்க வேண்டும். தொழிற்கட்சித் தலைவர் ஜெரமி கோர்பினைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தது 2019 ஏப்ரலில், கெடு முடிந்து தவணை வாங்கிய பிறகு.

மீதிக் கதை சீக்கிரம் முடிந்துவிடும். மார்ச் 29 கெடு ஏப்ரல் 12 ஆகி, பிறகு அக்டோபர் 31 ஆனது. மே போய் போரிஸ் ஜான்சன் பிரதமராக வந்தார். கட்சிக் கட்டுப்பாட்டை மீறிய 21 எம்.பி.க்களை நீக்கினார், சர்ச்சிலின் பேரனும் அதில் ஒருவர். நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கினார், அது செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். முன்கூட்டியே தேர்தல் வைக்க மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்பது அன்றைய சட்டம். அது கிடைக்காமல், கடைசியில் தனியாக ஒரு குறுஞ்சட்டம் போட்டு 2019 டிசம்பர் 12 அன்று தேர்தல் நடந்தது. 80 இடங்கள் கூடுதலாகப் பெரும்பான்மை வந்ததும் முட்டுக்கட்டை விலகியது.

அயர்லாந்து முடிச்சு என்னவாயிற்று? எந்தப் பிரதமரும் ஒத்துக்கொள்ள முடியாது என்று மே சொன்ன அதே கடல் எல்லையை ஜான்சன் ஏற்றுக்கொண்டார். டியூபியின் ஓட்டு அவருக்குத் தேவைப்படவில்லை. அதன் விளைவை வட அயர்லாந்து மக்கள்தான் சுமந்தார்கள். கடல் எல்லையை எதிர்த்து டியூபி 2022 பிப்ரவரியில் வெளிநடப்புச் செய்ததால் அங்கே இரண்டு வருடம் முழுமையான மாநில அமைச்சரவையே இல்லை. லண்டனின் இழுபறி பெல்ஃபாஸ்டுக்கு இடம் மாறியது என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

அக்கா 2019 செப்டம்பரில் இத்தாலியின் போலோன்யாவுக்கே திரும்பிவிட்டார். வேலை போகவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. அடுத்த கெடு, அடுத்த கெடு என்று இருந்தது போதும் என்றார். 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு பிரிட்டன் வெளியேறியது. சற்று நேரத்தில் அவரிடமிருந்து கைபேசியில் செய்தி வந்தது: “முடிந்ததா?” டிசம்பர் வரை இடைக்காலம் இருக்கிறது, வணிக ஒப்பந்தத்தை இனிமேல்தான் பேசப்போகிறார்கள் என்று பதில் எழுதினேன்.