வேகம் கூட்டும் மென்பொருளை நம்பலாமா? கேள்வி பதில்

விண்டோஸ் கம்ப்யூட்டரை வேகமாக்கித் தருவதாகச் சொல்லும் கிளீனர், பூஸ்டர், ட்வீக்கர் வகையறாக்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர்: சார், கடை கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று ஓர் இலவசக் கிளீனர் போட்டேன். ஸ்கேன் செய்துவிட்டு ஆயிரத்துக்கும் மேல் பிரச்சினை இருப்பதாகச் சிவப்பில் காட்டுகிறது. சரிசெய்யப் பணம் கேட்கிறது. கட்டிவிடலாமா?

கட்டாதீர்கள். முதலில் அந்தப் பட்டியலை விரித்துப் பாருங்கள். பெரும்பாலும் பிரவுசர் குக்கீகளும் (இணையத்தளங்கள் விட்டுவைக்கும் சிறு குறிப்புகள்) தற்காலிகக் கோப்புகளும்தான் இருக்கும். மிச்சம், என்றோ நீக்கிய மென்பொருள்கள் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடத்தில், விட்டுப்போன பதிவுகள். ஒவ்வொரு குக்கீயையும் ஒரு பிரச்சினை என்று எண்ணினால், வாங்கி ஒரு வாரம் ஆன கம்ப்யூட்டரிலும் நூற்றுக்கணக்கில் வரும். குக்கீயால் உங்கள் பிரிண்ட் ஒரு நொடிகூடத் தாமதமாகாது.

இந்த மாதிரி ஸ்கேன்கள் அமெரிக்காவில் வழக்காகவே வந்திருக்கின்றன. ஆபீஸ் டிப்போ கடைகளில் 'பிசி ஹெல்த் செக்' என்ற பெயரில் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஆரம்பத்தில் நான்கு கேள்விகள் வரும்: கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதா, அடிக்கடி நின்றுபோகிறதா, இப்படி. ஒன்றுக்கு 'ஆம்' என்று டிக் செய்தாலே போதும், வைரஸ் அறிகுறி இருப்பதாக முடிவு வந்துவிடும். ஸ்கேன் உண்மையில் என்ன கண்டுபிடித்தது என்பதற்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தமில்லை என்பதுதான் அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேடு கமிஷனின் குற்றச்சாட்டு. 2019-இல் ஆபீஸ் டிப்போ 2.5 கோடி டாலரும், மென்பொருளைக் கொடுத்த சப்போர்ட்.காம் 1 கோடி டாலரும் கட்டி வழக்கை முடித்துக்கொண்டன. 2024-இல் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு நிறுவனங்கள் இதே போன்ற குற்றச்சாட்டில் 2.6 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன.

மைக்ரோசாஃப்ட்டும் 2018 மார்ச் 1 முதல், பயமுறுத்திப் பணம் கட்ட வைக்கும் கிளீனர்களை, விண்டோஸுடனேயே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் மூலம் தேவையற்ற மென்பொருள் என்று நீக்க ஆரம்பித்தது. ஸ்கேன் இலவசம், சரிசெய்ய மட்டும் காசு, நடுவே சிவப்பு எச்சரிக்கை என்று எது வந்தாலும் உடனே அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள்.

ஒரு கணக்கர்: ரெஜிஸ்ட்ரியை மட்டுமாவது சுத்தம் செய்யலாமா?

வேண்டாம். ரெஜிஸ்ட்ரியில் லட்சக்கணக்கில் பதிவுகள் இருக்கும். விண்டோஸ் அதை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போவதில்லை; தேவையான பதிவை அதன் பெயரை வைத்து நேராக எடுக்கிறது. அதில் சில நூறு அநாதைப் பதிவுகளை அழிப்பதால் கிடைக்கும் லாபத்தை நீங்கள் உணரவே முடியாது. தவறாக ஒன்றை அழித்துவிட்டால் டேலியோ பிரிண்டரோ திறக்காமல் போகலாம். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே எழுதி வைத்திருக்கிறது.

ஐடி வேலையில் இருக்கும் ஒரு பெண்: பெயர் தெரியாத கம்பெனி என்றால் சரி, நானும் தொடமாட்டேன். சிகிளீனர் மாதிரி எல்லாரும் பயன்படுத்துவதை நம்பலாம்தானே?

நியாயமான கேள்வி. பதிலுக்கு 2017-இல் நடந்ததைச் சொல்கிறேன். சிகிளீனரை உருவாக்கிய பிரிஃபார்ம் நிறுவனத்தை அந்த ஜூலையில் ஆன்டிவைரஸ் நிறுவனமான அவாஸ்ட் வாங்கியது. ஆகஸ்ட் 15-இல் 5.33 பதிப்பு வந்தது. தயாரிப்பாளரின் கணினிகளுக்குள்ளேயே நுழைந்திருந்த யாரோ அதில் ரகசியமாகத் தகவல் திரட்டி அனுப்பும் நிரலைச் சேர்த்துவிட்டார்கள். டிஜிட்டல் கையொப்பம் செல்லுபடியாக இருந்தது, பதிவிறக்கியதும் அதிகாரபூர்வத் தளத்திலிருந்துதான். செப்டம்பர் 18-இல் விஷயம் வெளியே வருவதற்குள் சுமார் 22.7 லட்சம் கம்ப்யூட்டர்களில் அந்தப் பதிப்பு இருந்தது. இரண்டாம் கட்டத் தாக்குதல் சாம்சங், சோனி, இன்டெல் போன்ற பெரிய நிறுவனங்களைக் குறிவைத்தது.

அந்தப் பயனாளர்கள் தங்கள் பங்குக்கு எந்தத் தவறும் செய்யவில்லை. அதனால்தான் ஒரு மென்பொருள் நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன்னால், அது நமக்குத் தேவைதானா என்று கேட்கச் சொல்கிறேன். இந்த வகை மென்பொருளுக்கு அட்மின் அனுமதி வேண்டும், அதாவது கம்ப்யூட்டர் முழுவதும் அதன் கையில். அப்படி ஓர் அதிகாரத்தைக் கொடுத்து நாம் வாங்குவது என்ன? தற்காலிகக் கோப்புகளை நீக்கும் வசதி. அதை விண்டோஸ் 10, 11-இல் இருக்கும் ஸ்டோரேஜ் சென்ஸே செய்துவிடும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் கிடைக்கும்.

கல்லூரி மாணவர்: அண்ணா, ரேம் எப்பவும் 80 சதவீதம் காட்டுது. ஒரு ரேம் பூஸ்டர் போட்டேன், பட்டனை அழுத்தினா 45-க்கு வந்துடுது. அது வேலை செய்யுதுன்னு தானே அர்த்தம்?

எண் குறைவது உண்மைதான் தம்பி. எப்படிக் குறைகிறது என்பதுதான் விஷயம். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் பயன்படுத்தும் நினைவகப் பக்கங்களை அந்த பூஸ்டர் வலுக்கட்டாயமாக வெளியே தள்ளச் சொல்கிறது. அடுத்த நிமிடம் நீ குரோமுக்குத் திரும்பும்போது அவற்றையெல்லாம் திரும்ப எடுக்க வேண்டும். சில பக்கங்கள் டிஸ்க்கிலிருந்து வர வேண்டியிருக்கும். ஆக, பட்டனை அழுத்திய பிறகு கம்ப்யூட்டருக்கு வேலை கூடுகிறது. காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் பயனில்லை. அடுத்து தேவைப்படக்கூடியதை விண்டோஸ் அதில் முன்கூட்டியே வைத்திருக்கும், வேறு புரோகிராம் கேட்டால் அந்த இடத்தை உடனே கொடுத்துவிடும்.

இந்த ஆசையை வைத்து வியாபாரம் செய்வது பழைய கதை. 1995-இல் 'சாஃப்ட்ரேம்95' என்ற மென்பொருள் விண்டோஸ் 95-இல் ரேமை இரண்டு மடங்காக்கும் என்று சொல்லி ஆறு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பிரித்துப் பார்த்தவர்கள், அது ரேமைக் கூட்டவே இல்லை என்று கண்டுபிடித்தார்கள். அதுவும் டிரேடு கமிஷன் வரை போனது.

80 சதவீதத்தில் உனக்கு ஏதாவது தடங்கல் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் விட்டுவிடு. தெரிகிறது என்றால் டாஸ்க் மேனேஜரில் எது அதிகம் தின்கிறது என்று பார். 4 ஜிபி மெஷின் என்றால் இன்னொரு 4 ஜிபி போடுவதுதான் வழி.

அதே மாணவர்: எம்எஸ்கான்ஃபிக்ல பூட் பகுதிக்குப் போய் பிராசசர் எண்ணிக்கையை 8-ன்னு வச்சா வேகமா பூட் ஆகும்னு வீடியோ பார்த்தேனே?

ஆகாது. எம்எஸ்கான்ஃபிக் என்பது விண்டோஸ் தொடங்கும் விதத்தை மாற்றும் கருவி; அதில் நீ சொல்வது எண்ணிக்கையைக் குறைத்துச் சோதிப்பதற்கான வசதி. டிக் செய்யாமல் விட்டாலே விண்டோஸ் எல்லாக் கோர்களையும் பயன்படுத்தும்.

கேமிங் பிரியர்: ப்ரோ, நிரல்கள் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருக்கும் டீப்ளோட் ஸ்கிரிப்ட் ஓட்டினால் எஃப்பிஎஸ் (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) கூடும் என்கிறார்கள். ஓப்பன் சோர்ஸ் என்பதால் பாதுகாப்புதானே?

இந்தப் பட்டியலில் ஓரளவு மரியாதை கொடுக்க வேண்டியது, விண்டோஸில் தேவையில்லாதவற்றை நீக்கும் இந்த வகைக்குத்தான். என்ன மாற்றுகிறது என்று எழுதிக் காட்டுகிறது, பயமுறுத்துவதில்லை. ஆனால் ஓப்பன் சோர்ஸ், அதாவது நிரல் எல்லார் பார்வைக்கும் திறந்திருப்பது, யாராவது படித்தால்தான் பாதுகாப்பு. ஒரு வரி கட்டளையை ஒட்டி என்டர் தட்டினால் நீங்கள் எதையும் படிக்கவில்லை.

படிக்கும்போது மூன்று விஷயம் கண்ணில் படுகிறதா பாருங்கள்: விண்டோஸ் அப்டேட்டை நிறுத்துவது, டிஃபெண்டரை அணைப்பது, பழைய நிலைக்குத் திரும்ப வழி இல்லாமல் செய்வது. மூன்றில் ஒன்று இருந்தாலும் ஓட்டாதீர்கள். யாரோ வெட்டி ஒட்டித் தரும் 'லைட்' விண்டோஸ் ஐஎஸ்ஓ-க்களை (விண்டோஸை நிறுவும் கோப்புகளை) நான் சுத்தமாக வேண்டாம் என்பேன், உள்ளே என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கவே வழியில்லை.

உண்மையில் பலன் தரக்கூடிய மாற்றங்களும் உண்டு. மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்தால் சில கேம்களில் வேகம் கூடலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. ஆடி முடித்ததும் திரும்ப ஆன் செய்யச் சொல்கிறது, ஏனென்றால் அது ஒரு பாதுகாப்பு வசதி. எதைச் செய்தாலும் முதலில் ரீஸ்டோர் பாயின்ட் (பழைய நிலைக்குத் திரும்ப உதவும் சேமிப்பு) வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதே கேமில் அதே இடத்தில் முன்னும் பின்னும் எஃப்பிஎஸ் குறித்துக்கொள்ளுங்கள். இருபது மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசி வரை தெரியாது.

ஒரு வாசகர்: டிரைவர் அப்டேட்டர்? எஸ்எஸ்டி-க்கு டீஃப்ராக்?

இரண்டுமே தேவையில்லை. டிரைவர் என்பது பிரிண்டர் போன்ற கருவிகளை விண்டோஸுடன் இணைத்து இயக்கும் மென்பொருள்; அதை லேப்டாப் கம்பெனியின் தளத்திலோ விண்டோஸ் அப்டேட்டிலோ எடுங்கள். நன்றாக ஓடும் டிரைவரைத் தொடவேண்டாம். டீஃப்ராக் என்பது சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது; சுழலும் பாகமே இல்லாத டிஸ்க்கான எஸ்எஸ்டி-யை விண்டோஸே ட்ரிம் என்ற பராமரிப்பு மூலம் பார்த்துக்கொள்ளும்.

இல்லத்தரசி ஒருவர்: திரையில் எச்சரிக்கை வந்தது, அதிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். ஒருவர் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கிச் 'சுத்தம்' செய்தார். கார்டில் பணமும் கட்டிவிட்டேன். இப்போது பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் அம்மா, ஆனால் தாமதிக்காதீர்கள். கம்ப்யூட்டரை இன்டர்நெட்டிலிருந்து துண்டியுங்கள். வங்கியை அழைத்துக் கார்டை முடக்கச் சொல்லுங்கள். அப்புறம் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு. மின்னஞ்சல், வங்கி பாஸ்வேர்டுகளை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் முக்கியமான கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இதில் நீங்கள் வெட்கப்பட எதுவும் இல்லை. ஏமாற்றியவர்கள் தொழிலாகவே செய்கிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: எல்லாவற்றையும் வேண்டாம் என்கிறீர்கள். 2016-இல் வாங்கிய என் கம்ப்யூட்டர் ஆன் ஆகவே பத்து நிமிடம் ஆகிறது. நான் என்னதான் செய்வது?

ஐயா, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்அப் பகுதியில் (கம்ப்யூட்டர் ஆனதும் தானாக ஓடுபவை) தேவையில்லாததை டிஸேபிள் செய்யுங்கள். இன்னும் ஆழமாகப் பார்க்க ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதை உருவாக்கிய சிஸ்இன்டர்னல்ஸை 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அது வேகம் தருவதாக எதையும் சொல்லாது. தானாக ஓடுவதையெல்லாம் காட்டும், டிக்கை எடுத்தால் நிற்கும், திரும்பப் போட்டால் ஓடும். நான் நம்பும் கருவிகள் எல்லாம் இந்த மாதிரிதான்.

அப்புறம் அதே டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். உங்களுடையது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் அதுதான் காரணம். எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஒரு சாட்டா எஸ்எஸ்டி மாற்றினால் நீங்களே வித்தியாசத்தைப் பார்ப்பீர்கள். இன்னொன்று: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும். 2016 மெஷினில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. செய்தி படிக்க, கடிதம் எழுத மட்டும்தான் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம், இலவசம்தான். எஸ்எஸ்டி மாற்றியதும் கடைக்காரரிடம் பழைய டிஸ்க்கைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் படங்களும் ஆவணங்களும் அதில் அப்படியே இருக்கும்.