பதில்: 13 வயது மகனை அகாடமி விடுவித்தது பற்றி
உயரம் போதாது என்று மகனைக் கால்பந்து அகாடமி விடுவித்துவிட்டது, இனி வழியில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பிறந்த மாதத்தைப் பாருங்கள். வயதுப் பிரிவு ஜனவரியில் தொடங்கினால், டிசம்பரில் பிறந்தவன் கிட்டத்தட்ட ஒரு வருடம் மூத்தவர்களோடு மோதுகிறான். முந்தி வளர்ந்த உடம்பைத் தேர்வாளர்கள் பல நேரம் திறமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். பையன்கள் வேகமாக உயர்வது சராசரியாக 14 வயதை ஒட்டித்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நின்ற உயரம், உட்கார்ந்த உயரம், எடை மூன்றையும் காலையில் அளந்து குறித்து வையுங்கள். அடுத்த கிளப்பின் தேர்வுக்குப் போகும்போது அதைக் காட்டி, ‘பயோ-பேண்டிங்’ உண்டா என்று கேளுங்கள். எதிர்பார்க்கும் முழு உயரத்தில் எத்தனை சதவீதம் எட்டியிருக்கிறான் என்று பார்த்து அணி பிரிக்கும் முறை அது. திடீரென்று உயரும் மாதங்களில் பந்துக் கட்டுப்பாடு தடுமாறும், முழங்காலுக்குக் கீழே வலிக்கலாம். அப்போது தாவும் பயிற்சியைக் குறையுங்கள். உயரம் கூட்டும் பவுடர் எதற்கும் காசு கொடுக்காதீர்கள்.