முதலில் யாரைச் சோதிப்பது?

அன்புள்ள ஐயா,

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவள் நான். ஆண்களின் மலட்டுத்தன்மை பற்றிய பிறப்புரிமையியலில் ஆராய்ச்சி செய்ய வெளிநாட்டில் இடம் கிடைத்திருக்கிறது. "ஆக்கள் கேட்டால் ஜீன் ஆராய்ச்சி எண்டு மட்டும் சொல்லு" என்கிறார் அம்மா. கலியாணம் பேசுகிற நேரத்தில் இது தேவையா என்கிறார் மாமா. தாவரப் பக்கம் மாறிவிடலாமா? எங்கள் வெங்காயத் தோட்டங்களுக்கு அடிக்கும் மருந்தால் விந்தணு குறைகிறதா என்றும் ஒரு சந்தேகம்.

ச., கோண்டாவில்

அன்புள்ள ச.,

மருந்து விஷயத்தை இப்போதைக்கு விடுங்கள். 1977இல் கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற புழுக்கொல்லியைத் தயாரித்த தொழிலாளர்களுக்கு விந்தணு அற்றுப்போனது உண்மை. அதை வைத்துக் கோண்டாவில் வெங்காயத்தைக் குற்றவாளி ஆக்க முடியாது. அளந்த பிறகு பேசலாம். மாமாவின் கவலை மாமாவோடு இருக்கட்டும்.

அம்மா சொன்னதைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை. போன கந்தசஷ்டிக்கு நல்லூரில் பட்டினியால் சோர்ந்து மண்டபத் தூணில் சாய்ந்திருந்த இளம் பெண்களைப் பார்த்தேன். இவர்களின் புருசன்மாரில் எத்தனை பேர் ஒருமுறையாவது விந்துப் பரிசோதனை செய்திருப்பார்கள் என்று யோசனை ஓடியது. கோயிலில் யோசிக்கிற விஷயமா என்று கேட்காதீர்கள், எனக்கு அங்கேதான் வந்தது.

என் பெரியம்மாவின் மகளுக்கு 1984இல் கலியாணம். பிள்ளை இல்லை. அக்கா சஷ்டி பிடித்தார், நேர்த்தி வைத்தார், மாமியாரிடம் பேச்சு வாங்கினார். சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் கிளாலிக் கடலில் இரவுப் படகேறி, கொழும்பு போய், மயக்க மருந்து கொடுத்து வயிற்றில் துளையிட்டுக் கமரா விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் சரி என்றார்கள். அத்தானை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அத்தான் கெட்டவர் இல்லை. சின்னப் போத்தலோடு ஆய்வுகூட வாசலில் நிற்பதைத் தெரிந்தவர் யாரும் கண்டுவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்துக்காகத்தான் அக்கா கடல் கடந்தார்.

பிறகு கனடா போனார்கள். அங்கே டாக்டர் முதல் கேட்டது அத்தானின் மாதிரியை. ஒரு விந்தணு கூட இல்லை. இரத்தத்தைச் சோதித்தபோது, அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் வை நிறமூர்த்தத்தின் (Y குரோமோசோமின்) நீண்ட கையில் ஒரு துண்டு இல்லை என்று தெரிந்தது. தியெப்போலோ, சுஃபார்டி என்ற இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் 1,170 ஆண்களைப் பார்த்து, அவர்களில் விந்தணுவே இல்லாத 6 பேருக்கு அந்தக் கையில் இழப்பு இருக்கிறது, விந்தணு உண்டாக்கும் காரணி அங்கேதான் இருக்கவேண்டும் என்று 1976இல் எழுதிவிட்டார்கள். அக்காவின் கலியாணத்துக்கு முதலே! அவர்கள் கண்டது நுணுக்குக்காட்டியில் தெரிகிற பெரிய இழப்பு. சின்ன இழப்பைப் பிடிக்கும் சோதனை 1990களில் வந்தது.

அந்தக் கையில் ஏ, பி, சி என்று மூன்று பகுதிகள். சி மட்டும் இல்லையென்றால் பலருக்கு விதைக்குள் (விந்தகத்துக்குள்) தேடி விந்தணு எடுக்கலாம், ஊசியால் அதை முட்டைக்குள் செலுத்திப் பிள்ளையும் பெறலாம். ஆனால் மகனுக்கும் அதே குறை போகும். ஏ முழுதாக இல்லையென்றால் வெட்டித் தேடியும் பயனில்லை. அத்தானுக்கு இல்லாதது ஏ. டாக்டர் இதைச் சொல்லி முடித்ததும் அக்கா கேட்டாராம்: "அப்ப நான் ஏன் பட்டினி கிடந்தனான்?"

பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்குக் கத்தி வேண்டாம், மயக்கம் வேண்டாம். இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்துவிட்டு ஒரு போத்தலில் கொடுத்தால் போதும். காய்ச்சல் வந்து எண்ணிக்கை குறைந்திருந்தால் மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் பார்க்கலாம், ஏனென்றால் விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் எடுக்கும். இவ்வளவு லேசான சோதனையைக் கடைசிக்கு வைத்துவிட்டுப் பெண்ணின் வயிற்றைத் துளைக்கிறார்கள். இதை எத்தனை கலியாண வீட்டுப் பந்தியில் சொல்லி முறைப்பு வாங்கியிருக்கிறேன், தெரியுமா? இன்னும் சொல்லுவேன்.

இதைப் படிக்க இடம் கிடைத்த நீங்களோ வாயை மூடிக்கொண்டு "ஜீன்" என்று மட்டும் சொல்லப் பார்க்கிறீர்கள். கோபம் வருகிறது, பிள்ளை. தாவரத்தில் ஆசை என்றால் தாராளமாகப் போங்கள். வெட்கத்துக்கு ஒளிக்க ஒரு தோட்டம் தேடாதீர்கள். மாவில் வரும் வண்டின் விந்தணுக்களைப் பார்த்து, ஆணாவதை வை நிறமூர்த்தம் தீர்மானிக்கிறது என்று 1905இல் காட்டியவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவர், 35 வயதில்தான் ஸ்டான்போர்டுக்குப் படிக்கப் போனார். கலியாணம் செய்யவேயில்லை. இதை மட்டும் மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஹைதராபாத்தில் குமாரசாமி தங்கராஜும் லால்ஜி சிங்கும் இந்திய ஆண்களிடம் இதே வை இழப்புகளைத் தேடி எழுதியிருக்கிறார்கள். போகுமுன் அவற்றைப் படியுங்கள். எங்கள் பக்கத்து ஆண்களையும் யாராவது பார்க்கவேண்டும் அல்லவா?

மாறலாமா என்றுதானே கேட்டீர்கள்? வேண்டாம். நல்லூர்த் திருவிழாவுக்கு அக்கா கனடாவிலிருந்து வருகிறார். வெளிக்கிடுமுன் ஒரு பின்னேரம் வீட்டுக்கு வாருங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அம்மாவோடு அக்கா கதைக்கட்டும்.